மூன்று மகிழ்ச்சி ஞாயிறுகள்

2022 கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி. நான்கு ஞாயிறுகளாகப் பாடாமல் வைத்திருந்த, 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதத்தைப் பாடகர் குழு எடுத்ததும் பீடத்து மணிகளும் கோபுர மணியும் ஒன்றாக அடித்தன. குடிலை மறைத்திருந்த திரை விலகியது. பக்கத்தில் நின்ற என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த நேரத்தில், வாங்கி வைத்த ஆட்டுக்கறிக்கு மசாலா தடவிவிட்டு வந்தேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. அதைச் சொல்ல இன்றும் வேதனையாக இருக்கிறது. தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோவிலில் பன்னிரண்டு வருடமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்த காலமான திருவருகைக்காலம் என்றால் விழித்திருத்தல், ஆயத்தம், எதிர்நோக்கு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவள். அந்த டிசம்பர் முழுவதும் வீட்டுக்கு வெள்ளையடித்தேன், திரைச்சீலை மாற்றினேன், தையல்காரரிடம் நான்கு முறை நடந்தேன், அதிரசம், முறுக்கு, அச்சுமுறுக்கு என்று டின் டின்னாகச் சுட்டு அடுக்கினேன். பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினேன். கேரல் ரவுண்ட்ஸ் வந்த நாற்பது பேருக்கும் டீ போட்டேன். எல்லாமே நல்ல வேலைகள்தான். ஆனால் பாலன் பிறந்த அந்த நிமிடத்தில் என்னிடம் மிச்சம் இருந்தது அசதி மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பலகாரத் தட்டைக் கை தவறிக் கீழே போட்டாள். இரவு இரண்டு மணிக்கு, புதுப் பாவாடையில் நின்ற பிள்ளையைப் பார்த்துக் கத்தினேன். அவள் அழுதுகொண்டே தூங்கிப் போனாள்.

ஜனவரியில் இதைப் பாவசங்கீர்த்தனத்தில், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, சொன்னேன். ஃபாதர் நீளமாக எதுவும் பேசவில்லை. "நாலு வாரமும் வேலை பாத்தீங்க, சரி. யார் வர்றாங்கன்னு அவ்வளவு வேலை?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அன்று வாய் வரவில்லை. அந்தக் கேள்வி அந்த வருடம் முழுவதும் கூடவே வந்தது.

அடுத்த திருவருகைக்காலத்தை ஒழுங்காகக் கொண்டாடிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். 2023இல் அது டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கியது. புனித சவேரியார் திருநாளும் அன்றுதான். 1542இல் அவர் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து, ஊர் ஊராக நடந்து சொல்லிக்கொடுத்தவர். எங்கள் ஊர்ப் பாட்டிமார் சொல்கிற செபங்களுக்குப் பின்னால் அந்த நடை இருக்கிறது. அசிசி பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் முதல் குடில் அமைத்து 800 வருடம் நிறைவதும் அதே டிசம்பரில்தான். இத்தனையும் சேர்ந்து வருகிறதே என்று எனக்கு ஒரே உற்சாகம்.

புது நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். தினம் விவிலியத்தில் ஓர் அதிகாரம், தினம் செபமாலை, புதனும் வெள்ளியும் ஒருசந்தி உபவாசம், நாளுக்கு ஒரு நற்செயல். திருவருகைக்காலம் வருடத்துக்கு வருடம் நீளம் மாறும். நான்காம் ஞாயிறே டிசம்பர் 24ஆக வந்தால் 22 நாள்தான். 2023 அப்படிப்பட்ட குறுகிய வருடம். 22 நாள்தானே, முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாளே கட்டங்கள் காலியாகத் தொடங்கின. காலிக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. பழைய பட்டியலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பக்திப் பட்டியலை வைத்திருக்கிறேன் என்பது அப்போது புரியவில்லை.

டிசம்பர் 17, மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு. ஊதா உடுத்தி வந்த குருவானவர் அன்று மட்டும் ரோஜா நிறத் திருவுடை அணிவார். கோவிலுக்குப் போகும்போதே குடை நிற்காத மழை. பாதிப் பெஞ்சுகள் காலி. இரண்டாம் வாசகம் புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியது: எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள் என்று தொடங்கும் பகுதி. பதிலுரைப் பாடலாக அன்னை மரியாவின் பாடல் வந்தது. அதில் வரும் 'பேருவகை' என்ற சொல்லை வகுப்பில் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். வகுப்புக்கு மூன்று பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள், அவர்களையும் சீக்கிரம் அனுப்பிவிட்டோம்.

மழை நிற்கவே இல்லை. சாயங்காலம் கரண்ட் போனது. எங்களுடையது கீழ்த்தள வாடகை வீடு. திங்கள் விடியற்காலை அத்தை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோது தண்ணீர். அரை மணி நேரத்தில் முழங்கால் அளவு ஏறியது. குளங்கள் உடைந்த தண்ணீரும் சேர்ந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் முதலில் அத்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார், அப்புறம் அரிசி மூட்டையை. பிள்ளைகளை நான் கூட்டிப் போனேன். ஃபிரிட்ஜ் மிதப்பதை அன்றுதான் பார்த்தேன். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த புதுத் துணிகள், பலகாரத்துக்கு இடித்துச் சலித்து வைத்த மாவு, குடில் பொம்மைகள் இருந்த அட்டைப்பெட்டி, என் நோட்டு என எல்லாவற்றின் மேலும் சேற்றுத் தண்ணீர்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று சில நாள் கழித்துக் கேள்விப்பட்டோம். அப்போது எங்களுக்கு எந்தச் செய்தியும் இல்லை. செல்போன்கள் செத்துவிட்டன. மாடியில் குடியிருந்த அக்கா, தன் இரண்டு அறையில் ஒன்றை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். மார்கழி பிறந்திருந்த நேரம். வாசல் என்று ஒன்று இல்லாத அந்த நாளிலும் அவர் விடிவதற்கு முன் எழுந்து, மாடிப்படியின் மேல்படியில் சின்னதாக ஒரு கோலம் போட்டு விளக்கு ஏற்றினார். நான் போர்வைக்குள் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுந்து செபம் சொல்லக்கூட மனம் இல்லை. கடவுள் மேல் அவ்வளவு கோபம். உமக்காகத்தானே இத்தனையும் செய்தேன் என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு அத்தை செபமாலையைக் கையில் எடுத்தார். செபமாலை சொல்லும்போது இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்ச்சிகளைத் தேவ இரகசியங்கள் என்று கிழமைக்கு ஒரு தொகுதியாகத் தியானிப்போம்.

"இன்னைக்குத் திங்கக்கிழமைல்லா. சந்தோஷ தேவ ரகசியம்லா சொல்லணும்" என்றார்.

"சந்தோஷமா? இன்னைக்கா அத்தை?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு மெழுகுதிரி. வெளியே தண்ணீர் ஓடுகிற சத்தம். இரண்டாம் தேவ இரகசியம், மரியாள் எலிசபெத்தம்மாளைச் சந்திக்கப் போனது. எத்தனையோ ஆயிரம் தடவை சொன்னதுதான். அன்றைக்கு ஒரு சொல் பிடித்து நிறுத்தியது. விரைந்து போனாராம். அவருடைய சொந்தக் காரியம் எதுவும் அப்போது தீர்ந்திருக்கவில்லை. யோசேப்பு என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும், ஒன்றும் தெரியாது. குழந்தைக்கு ஒரு துணிகூடத் தைத்திருக்க மாட்டார். அந்த நிலையில் மலைநாட்டுக்குக் கிளம்பி, இன்னொருத்திக்குத் துணையாக நிற்கிறார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பேருவகை என்ற சொல்லே அவர் வாயில் வருகிறது. நாசரேத்தூரில் இருந்தபோது இல்லை.

மறுநாள் காலையில் அக்காவின் அடுப்பில் எங்கள் அரிசியைப் போட்டுப் பெரிய பானையில் கஞ்சி வைத்தோம். எதிர்ச்சந்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அக்காவின் மகனும் என் வீட்டுக்காரரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றித் தலைக்கு மேல் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினார்கள். இன்னும் ஐந்தாறு வீடுகளுக்கும் அப்படியே கொடுத்தார்கள். இருபது நிமிடம் கழித்து வாளி திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம்.

கொடுத்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு இல்லையா? கழுத்தளவு கஷ்டத்திலும் அந்தப் பாட்டி அதை விடவில்லை. மாடியில் அவருக்கு இருந்ததே அவ்வளவுதான் போல. அந்த இரண்டு எலுமிச்சையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். அக்கா பயந்துபோய் என் தோளைப் பிடித்தார். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. ஒரு வருடமாக, அதற்கும் முன்னால் பல வருடமாக, டிசம்பரில் நான் தேடித் தேடிக் கிடைக்காத ஒன்று, சேறும் டீசலும் மணக்கிற அந்த மாடியில் வந்து நின்றது. இன்னார் வருவார் என்று கரும்பலகையில் எழுதுவேனே, அவர் வந்துவிட்டார் என்று உடம்புக்கே தெரிந்தது.

தண்ணீர் வடிந்தபின் வீட்டைக் கழுவி முடிக்கவே நாட்கள் ஆயின. டிசம்பர் 24 காலையில் நான்காம் ஞாயிறுத் திருப்பலி, இரவில் கிறிஸ்துமஸ். குடில் பெட்டியைத் திறந்தால் சாயம் போன யோசேப்பும் ஒரு கை இல்லாத இடையனும்தான் தேறினார்கள். மகன் அழ ஆரம்பித்தான். அப்போதுதான் கிரேச்சோ நினைவுக்கு வந்தது. பிரான்சிஸ் அமைத்த அந்த முதல் குடிலில் சிலைகளே கிடையாது. தீவனத்தொட்டி, அதில் வைக்கோல், பக்கத்தில் ஒரு காளை, ஒரு கழுதை. அவ்வளவுதான். அங்கே திருப்பலி நடந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். இரண்டு செங்கல்லின் மேல் ஒரு பழைய முறத்தை வைத்து, ஈரம் காயாத வைக்கோலைப் பரப்பினார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு அதுதான் குடில். பழைய சேலையில் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போனேன். மணி அடித்தபோது கறி நினைவு வரவில்லை. கறியும் இல்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளம் வந்தால்தான் மகிழ்ச்சி வரும் என்று சொல்லவில்லை. அந்த வெள்ளத்தில் உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அப்படிச் சொல்வது பாவம். எனக்குக் கிடைத்தது ஒன்றுதான்: என் ஆயத்தம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று அந்த நான்கு நாள் காட்டியது. அடுத்த வருடத்திலிருந்து வீட்டில் சிலவற்றை மாற்றினோம். யாருக்காவது பயன்படலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் துணிமணி. 2024இல் தீபாவளிக் கடை விற்பனையிலேயே கிறிஸ்துமஸ் துணியையும் எடுத்து, நவம்பர் முதல் வாரத்தில் தைக்கக் கொடுத்துவிட்டேன். திருவருகைக்காலம் தொடங்கிய டிசம்பர் 1ஆம் தேதிக்குக் கடை வேலை பாக்கி எதுவும் இல்லை. இந்த ஒன்றைச் செய்தாலே பாதி மூச்சு திரும்பி வரும். பலகாரம் இரண்டே வகை, அதையும் 22ஆம் தேதிக்குப் பிறகு, மாடி அக்காவோடு சேர்ந்து. வெள்ளையடிப்பது கிடையாது. "அதிரசம் எங்கே?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் இருந்தார்கள். இந்த வருடம் சுடவில்லை என்று சொன்னேன், அத்தோடு முடிந்தது.

பாவசங்கீர்த்தனத்தை முதல் வாரத்திலேயே முடித்துவிடுவோம். கடைசி வாரத்து நீண்ட வரிசையில், ஃபாதரும் களைத்து நாமும் களைத்து, அவசரமாகச் சொல்லிவிட்டு வருவதற்கும் இதற்கும் அவ்வளவு வித்தியாசம். சுத்தம் செய்த வீட்டில் மூன்று வாரம் இருந்து பார்க்கிற சுகம் என்று அத்தை சொல்வார்.

விவிலிய வாசிப்பில் என் நோட்டுக் கட்டம் தோற்றுப்போனதால், வாரத்துக்கு ஒரே பகுதி என்று குறைத்தோம். அந்தந்த ஞாயிறு நற்செய்தி மட்டும். அதையே திங்கள் முதல் சனி வரை இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் வாசிப்போம். மூன்றாவது நாள் பிள்ளைகள் சலிப்பார்கள். நான்காவது நாள் அவர்களே ஏதாவது கேட்பார்கள். அந்த நான்காவது நாளுக்காகப் பொறுத்திருக்க வேண்டும்.

அப்புறம், ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு திரி ஏற்றும் மெழுகுதிரி வளையம். இதை ஏதோ பழங்கால வழக்கம் என்று நினைத்திருந்தேன். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கியது. பிள்ளைகள் தினமும் "கிறிஸ்துமஸ் எப்போது?" என்று கேட்டதால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் திரிகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினாராம். கேள்வி கேட்கிற பிள்ளைகளுக்காக வந்த பழக்கம் என்று தெரிந்ததும் எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஊதா மெழுகுதிரி கடையில் கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். நான்கு வெள்ளைத் திரியை வாங்கி, மூன்றுக்கு ஊதா ரிப்பன், ஒன்றுக்கு ரோஜா நிற ரிப்பன் கட்டினால் போதும். வளையத்துக்கு நாங்கள் சவுக்குத் தழை வைத்தோம். அது ஒரு வாரத்தில் காய்ந்து, இரண்டாம் ஞாயிறு அன்று ஓர் ஓரத்தில் தீப்பிடித்துவிட்டது. தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே திரிகளை நிறுத்துங்கள், தழையை வாரா வாரம் மாற்றுங்கள், ரிப்பனை அடிப்பக்கம் கட்டுங்கள்.

திரி எரிகிற அரை மணி நேரம் வீட்டில் வேறு விளக்கு கிடையாது. செல்போன்கள் அரிசி டின் மேல். இதைப் பிள்ளைகள்தான் கேட்டார்கள். மாடியில் இருந்த இருட்டு அவர்களுக்குப் பயமாக மட்டும் நிற்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. 2024 டிசம்பர் நடுவில் எங்கள் பக்கம் மறுபடியும் பெருமழை பெய்தபோது மகன் ஓடிவந்து கேட்டது, "திரியை ஏத்திரலாமாம்மா?"

வைக்கோல் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல், கிறிஸ்துமஸுக்குள் தீவனத்தொட்டி மெத்தையாக வேண்டும். எங்கள் வீட்டில் முதல் வாரமே கணக்குத் தொடங்கிவிட்டது. "நான் பதினொன்று, நீ ஆறுதான்" என்று சண்டை. அதன் பிறகு சட்டத்தை மாற்றினோம். யாரும் பார்க்காதபோது போட வேண்டும், எண்ணக் கூடாது. அடுத்து, உனக்கு யாராவது செய்த நன்மைக்கும் ஒரு வைக்கோல் போடலாம். இரண்டாவதைச் சேர்த்ததும் தொட்டி வேகமாக நிரம்பியது. என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியைக் கற்றுத்தந்தது அந்த இரண்டாவது வகை வைக்கோல்தான். செய்ததை எண்ணுகிறபோது முகம் இறுகுகிறது, பெற்றதைத் தேடுகிறபோது மலர்கிறது.

டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு நாளும் திருச்சபை மாலைப் புகழ் என்ற மாலைச் செபத்தில் ஆண்டவரை ஏழு பெயர்களால் அழைக்கிறது. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலின் ஒளியே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இலத்தீனில் இந்தப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து வாசித்தால் 'நாளை இருப்பேன்' என்று பொருள்படும் இரண்டு சொற்கள் வரும். மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! நாம் ஏழு நாள் கூப்பிட்டுக்கொண்டே போகிறோம், பதில் அந்தக் கூப்பாட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இப்போது அந்த ஏழு பெயரையும் அட்டையில் எழுதி நாளுக்கு ஒன்றாகச் சுவரில் ஒட்டுகிறோம். எங்கள் வீட்டில் 17ஆம் தேதி என்பது வெள்ளத்தின் தேதி. அதன் மேல் இப்போது 'ஞானமே' ஒட்டியிருக்கிறது.

2024இன் மகிழ்ச்சி ஞாயிறு டிசம்பர் 15. அன்றைய நற்செய்தியில் மக்கள் திருமுழுக்கு யோவானிடம் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்கிறார் அவர். முதல் வாசகம் இறைவாக்கினர் செப்பனியா நூலிலிருந்து. அதில் கடவுள் நம்மைக் குறித்து மகிழ்ந்து ஆடிப் பாடுகிறார் என்று வருகிறது. இத்தனை வருடம் மகிழ்ச்சி என்பதை நான் கொண்டுவர வேண்டிய பொருளாகவே நினைத்திருந்தேன். அவர் ஏற்கனவே பாடிக்கொண்டிருக்கிறார், நான் சத்தத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும். அன்று வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தோம். மகளுக்கு இரண்டு புதுத் துணி இருந்தது. ஒன்றை மடித்து அவளே வெளியே வைத்தாள். யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு. அன்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வருடம் எங்கள் வீட்டு வாசலில் ஸ்டார் இல்லை. ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா முடிந்த மாதத்திலேயே அத்தை இறந்துவிட்டார். துக்க வீட்டில் அந்த வருடம் ஸ்டார் போடுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்களுக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாதே" என்கிறார்கள். பாசத்தோடுதான் சொல்கிறார்கள்.

ஆனால் திருவருகைக்காலத்தை யாரும் எங்களிடமிருந்து எடுத்துவிடவில்லை. யோசித்துப் பார்த்தால், துக்க வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. வெளியே எல்லோரும் கொண்டாடத் தொடங்கிவிட்ட மாதத்தில், இன்னும் காத்திருக்கிறவர்களாக இருக்க நமக்கு அனுமதி கொடுக்கிற காலம் இது. முதல் ஞாயிறு நற்செய்தி பெத்லகேமைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஆண்டவர் மறுபடி வரும் நாளைப் பற்றித்தான் பேசுகிறது. அத்தையை மறுபடி பார்ப்பேன் என்று நான் நம்புவது அந்த நாளில்தானே. இன்னொன்றும் கவனித்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அல்லேலூயாவை நிறுத்திவிடுகிறோம். திருவருகைக்காலத்தில் நிறுத்துவதில்லை. வானவர் கீதம்தான் காத்திருக்கிறது. ஊதா உடைக்குள்ளும் அல்லேலூயா உண்டு. அழுதுகொண்டே அதைப் பாட முடிகிறது, பாடிப் பார்த்துவிட்டேன்.

நேற்று, டிசம்பர் 14, இந்த வருடத்து மகிழ்ச்சி ஞாயிறு. நற்செய்தியில் யோவான் சிறையில் இருக்கிறார். வரவிருப்பவர் நீர்தாமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். ஆண்டவரைச் சுட்டிக்காட்டியவருக்கே அந்தச் சந்தேகம். மகிழ்ச்சி ஞாயிறுக்கு இப்படி ஒரு வாசகமா என்று முன்பெல்லாம் நினைப்பேன். நேற்று அந்தச் சிறைக்குள் என்னால் உட்கார முடிந்தது. இயேசு அவரைக் கண்டிக்கவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள் என்று, நடந்துகொண்டிருப்பதைச் சொல்லி அனுப்பினார். நானும் வீட்டில் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்த மாடி அக்காவுக்கு மகன் ரசம் கொண்டு போனான். தூக்குவாளி திரும்பி வந்தபோது அதில் நான்கு கொய்யாப்பழம் இருந்தது.

இன்று திங்கட்கிழமை. சாயங்காலம் ரோஜா ரிப்பன் கட்டிய திரியையும் சேர்த்து மூன்றை ஏற்றினோம். அத்தையின் செபமாலை அவர் கட்டில் ஆணியில்தான் தொங்குகிறது. யார் எடுப்பது என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மகள் போய் எடுத்து வந்தாள்.

"திங்கக்கிழமைல்லா" என்றாள். "சந்தோஷ தேவ ரகசியம்."